போடிக்கு மேலே ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன்

தேனியில் விடிகாலை நாலரை மணிக்கு ஒரு ஆசாமி அரை டிராயரோடு ஓடினால், ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த காரணம் மூன்றுதான். நாய் துரத்துகிறது. போலீஸ் துரத்துகிறது. அல்லது, 'சுகர் ஏறிப்போச்சு' என்று டாக்டர் துரத்துகிறார். நான்காவதாக 'அல்ட்ரா மாரத்தான்' என்று ஒரு காரணம் இருப்பதை நாங்கள் ஐந்து பேர் ஒரு வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறோம். யாரும் நம்புவதாக இல்லை. "ஜெயிச்சா என்னத்தக் குடுப்பாய்ங்க?" என்பதுதான் எல்லாருக்கும் முதல் கேள்வி. "ஒரு மெடலும் ஒரு பனியனும்" என்றதும், "அதத் தேனி பஜார்லயே வாங்கிக்கிறலாமே!" என்று தீர்ப்பு வந்துவிடும்.

விஷயம் சுலபம். மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு ஓடினாலும் அல்ட்ரா. தென்னாப்பிரிக்காவில் 'காம்ரேட்ஸ்' என்று ஒரு ஓட்டம், 1921-லிருந்து நடக்கிறது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே தொண்ணூறு கிலோமீட்டர் சுமாருக்கு! அமெரிக்காவில் கலிபோர்னியா மலைகளில் நூறு மைல் குதிரைப் பந்தயம் ஒன்று உண்டு. அதில் கலந்துகொள்ளும் கோர்டி ஐன்ஸ்லி என்பவருக்கு 1973-ல் குதிரை நொண்டிவிட்டது. அடுத்த வருஷம் மனிதர் குதிரையே இல்லாமல் வந்து நின்றார். நூறு மைலையும் தன் சொந்தக் காலால் ஓடி, 23 மணி 42 நிமிஷத்தில் முடித்தார். மலைப்பாதை அல்ட்ரா என்கிற வியாதி உலகம் முழுக்கப் பரவியதற்கு அந்தக் குதிரையின் காலும் ஒரு காரணம்.

நம்ம பக்கத்தில் இதெல்லாம் புதுசா என்றால், இல்லை. கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் பக்கமிருந்துதான் மலை ஏறினார்கள். ஏறினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. டோலியில் உட்கார்ந்தார்கள், ஏறியது நம் ஆட்கள். துரை, துரைசாணி, அவர்கள் வீட்டு பீரோ, பியானோ வரைக்கும் தோளில் போயிருக்கிறது. ஓடி முடித்த அவர்களுக்கு யாரும் பனியன் கொடுத்ததாகத் தெரியவில்லை.

எங்கள் ஐவர் குழுவில் ஒரு பி.டி. மாஸ்டர், ஒரு டாக்டர், ஒரு ஏலக்காய் வியாபாரி, ஒரு எல்.ஐ.சி. ஏஜென்ட், அப்புறம் நான். ஜனவரிக் கடைசியில் ஒரு மலைப்பாதை ஓட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தோம். 50 கிலோமீட்டர். தூரத்தைவிட ஏற்றம்தான் வயிற்றைக் கலக்கியது. மொத்தமாக இரண்டாயிரம் மீட்டர் ஏற வேண்டும். அதற்குப் பழக ஒரு மலை வேண்டும். சுற்றிலும் மலையை வைத்துக்கொண்டு மலை தேடிய ஐந்து பேர் நாங்களாகத்தான் இருப்போம். பாதை பார்த்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "உங்களுக்குத்தான் நோட்டுப் போட்டு எழுதுற பழக்கம் இருக்கு" என்றார் பி.டி. மாஸ்டர். 'வேற வேலை இல்லை' என்பதை இவ்வளவு நாசூக்காக யாரும் சொன்னதில்லை.

முதலில் கம்பம் பள்ளத்தாக்கின் தரையைப் பார்த்தேன். கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லை மலை, நடுவில் முல்லைப் பெரியாறு. 1895-ல் பென்னி குயிக் கட்டிய அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறங்கி வருகிறது. இங்கே வீடுகளில் மாட்டியிருக்கும் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொப்பி மீசையோடு ஒரு வெள்ளைக்காரர் படமும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அவர்தான். லோயர் கேம்ப்பிலிருந்து ஆற்றங்கரையோரமாக ஓடினால் நெல், தென்னை, வாழை, பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. அருமையான பாதை. ஒரே குறை, ஏற்றம் கிடையாது. கூடலூர் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துப் பெரியவர் என்னை நிறுத்தி, "ஏன் தம்பி, பஸ்ஸ விட்டுட்டீகளா?" என்று விசாரித்தார். பழம் ஒரு கொத்து கொடுத்து, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றும் சொன்னார்.

அடுத்தது மேகமலை. சின்னமனூரிலிருந்து ஏறும் ரோட்டில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். பூவைப் பார்த்துக்கொண்டே ஏறலாம். ஆனால் 2021-லிருந்து இது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். இரவில் செக்போஸ்ட்டை மூடிவிடுவார்கள். நாலரை மணி ஓட்டத்துக்கு இங்கே வேலை இல்லை. தவிர, யானைக்கு வழிவிடுவது எப்படி என்று எங்கள் டாக்டருக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. அவர் ஆட்டோவுக்கே வழிவிட மாட்டார்.

போடிமெட்டு? ஏற்றம் இருக்கிறது, தார் ரோடு இருக்கிறது. கூடவே ஜீப்பும் இருக்கிறது. விடிகாலையில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக ஜீப்கள் பறக்கும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ண முயற்சி செய்தேன். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த வளைவு போய்விட்டது. தூக்குவாளியும் கையுமாக, ஜீப்பின் பின்கதவில் பாதி உடம்பு வெளியே இருக்கிற அந்தப் பெண்களுக்கு நடுவே, பொழுதுபோக்குக்காக மூச்சு வாங்குகிறவன் குறுக்கே ஓடக் கூடாது. அது ரோட்டுக்கும் ஆபத்து, மனசுக்கும் உறுத்தல்.

மிச்சம் இருந்தது குரங்கணி.

* * *

போடியிலிருந்து மூணாறு ரோட்டில் போனால் முந்தல். அங்கே நேரே போனால் போடிமெட்டு. வலப்பக்கம் பிரிந்து கொட்டகுடி ஆற்றை ஒட்டியே போனால் குரங்கணி. போடியிலிருந்து 16 கிலோமீட்டர். மாந்தோப்பு, இலவ மரம், காற்றில் அலையும் பஞ்சு. குரங்கணியோடு பஸ் நின்றுவிடும். அதற்கு மேல் கால்தான். சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும் சுமார் 12 கிலோமீட்டர் மலைப்பாதை.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே சென்ட்ரல் ஸ்டேஷன்தான். "நாளைக்கு சென்ட்ரல் வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று வீட்டில் சொன்னேன். "சென்னைக்கா? ரிசர்வேஷன் கிடைச்சுதா?" என்றாள் மனைவி. நியாயமான சந்தேகம். 2010-ல் அகலப்பாதை வேலைக்காக நிறுத்திய போடி ரயில், 2023 ஜூன் 15-ல்தான் திரும்ப வந்தது. அதுவும் சென்னை சென்ட்ரலிலிருந்தே வந்தது. ஆக, சென்ட்ரலில் ரயிலேறி, போடியில் இறங்கி, மலையேறி இன்னொரு சென்ட்ரலுக்குப் போய்விடலாம். இந்த சென்ட்ரலில் ரயிலும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது.

பெயர் வந்த கதை சுவாரசியமானது. மூணாறு தேயிலையைக் கீழே கொண்டுவர வெள்ளைக்காரக் கம்பெனி 1902-ல் மலைமேல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டது. மாடு இழுக்கிற ரயில்! 1908-ல் அதை எடுத்துவிட்டுக் குட்டி ரயில் விட்டார்கள். அந்த ரயிலின் உச்சி முனைதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வே கம்பியில் தொங்கிக்கொண்டு சரிவில் இறங்கிக் கொட்டகுடிக்கு வரும். அது 'பாட்டம் ஸ்டேஷன்'. நடுவில் கம்பி இளைப்பாறிய இடம் சென்ட்ரல். கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டு வண்டி. 1924-ல் பெய்த பேய்மழை வெள்ளத்தில் ரயில் அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவே இல்லை. ரயில் போய் நூறு வருஷம் ஆகியும் ஸ்டேஷன்கள் மட்டும் பேரில் நிற்கின்றன.

ஓட்டக்காரனுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. சரக்குப் பாதையாக இருந்த மலையில், ஏற்றம் ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஒரே மூச்சில் கிடைக்கும். ஒருமுறை ஏறி இறங்கினால் பந்தயத்தின் பாதி ஏற்றம் முடிந்தது. பி.டி. மாஸ்டர் ஏற்கெனவே திட்டம் போட்டுவிட்டார். "ஞாயித்துக்கிழமை விடிய ஆரம்பிச்சா, ரெண்டு தடவை ஏறி இறங்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம்!"

வனத்துறை ஆபீசில் இதைச் சொன்னபோது, மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஓடவா?" என்றார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. வழிகாட்டி இல்லாமல் ஏறக் கூடாது. பாதை மாறக் கூடாது. "நீங்க முதல்ல நடந்து பாத்துட்டு வாங்க. ஓடுறதப் பத்தி அப்புறம் பேசுவோம்."

அவர் ஏன் பேனாவைக் கீழே வைத்தார் என்பது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு பக்கமிருந்தும் மலையேற வந்த இரண்டு குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் இளைஞர்கள், நிறையப் பெண்கள். கோடைப் புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்ற நேரம். ஒத்தமரம் என்கிற இடத்துக்குப் பக்கத்துச் சரிவில் தீ சூழ்ந்துகொண்டது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் அந்த மலைக் கிராமத்து ஜனங்கள். ஹெலிகாப்டர்கள் பின்னால்தான் வர முடிந்தது. அன்றைக்கும் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாக 23 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வருஷமே மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை அரசு கொண்டுவந்தது.

அன்று தேனியில் ஆம்புலன்ஸ் சத்தம் விடிய விடியக் கேட்டது. எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை.

* * *

டிசம்பர் முதல் வாரம். காலை ஆறே கால். வழிகாட்டியாக வந்த அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துண்டு, கையில் அரிவாள். என் பக்கம் பார்த்தால், எட்டாயிரம் ரூபாய் ஷூ, முதுகில் தண்ணீர்ப் பை, மணிக்கட்டில் சாட்டிலைட்டோடு பேசும் கடிகாரம். யார் யாருக்கு வழிகாட்டி என்பதில் காக்காய்க்குக்கூடக் குழப்பம் வந்திருக்காது.

கிளம்புமுன் அவர் கேட்ட ஒரே கேள்வி: "தீப்பெட்டி இருக்கா சார்?"

"எனக்கு அந்தப் பழக்கம் இல்லண்ணே."

"பீடிக்கு இல்ல சார். சாமிக்குச் சூடம் கொளுத்தக்கூட எடுத்துட்டு வர்றாக." பையைத் திறந்து காட்டிய பிறகுதான் நகர்ந்தார்.

பாதை பார்ப்பது என்றால் தூரம் அளப்பது என்றுதான் நினைப்பார்கள். தூரத்தைக் கடிகாரமே அளந்துவிடும். நான் நோட்டில் எழுதியது வேறு. தண்ணீர் எங்கே, அது டிசம்பரில் மட்டும் ஓடுகிற தண்ணீரா, மார்ச்சிலும் இருக்குமா? நிழல் எங்கே முடிகிறது? ஒருத்தன் கால் பிசகி உட்கார்ந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்க எத்தனை பேர், எத்தனை மணி நேரம்? செல்போன் சிக்னல் எங்கே செத்துப்போகிறது?

முதல் ஒரு மணி நேரம் சுகம். காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, ஓடைச் சத்தம். எதிரே பொதி குதிரை ஒன்று மூட்டையோடு இறங்கி வந்தது. நாங்கள் ஒதுங்கி நின்றோம். குதிரை என்னை ஏற இறங்கப் பார்த்தது. கோர்டி ஐன்ஸ்லியின் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஓரிடத்தில் நிலம் கொஞ்சம் சமமாக இருந்தது. கால் பரபரத்தது. ஒரு இருநூறு மீட்டர் ஓடிப் பார்த்தேன். அண்ணன் அவசரமே இல்லாமல் பின்னால் வந்து சேர்ந்தார்.

"ஓடும்போது எங்க பாத்தீக சார்?"

"கல்லு தடுக்குமேன்னு தரையைத்தான்..."

"மேல கையோரம் காட்டுமாடு நிக்குது. பாருங்க."

நின்றது. கறுப்பாக, ஒரு மாருதி வேன் அளவுக்கு, வெள்ளை சாக்ஸ் போட்ட காலோடு. அதுபாட்டுக்குப் புல் மேய்ந்தது. அசையாமல் பத்து நிமிஷம் நின்றோம். என் கடிகாரம் அதைப் 'பலனில்லாத பயிற்சி' என்று குறித்துக்கொண்டது.

சென்ட்ரலை அடைந்தபோது மணி ஒன்பது. சில வீடுகள், பலா மரம், காயப்போட்ட காப்பிக் கொட்டை, ஒரு சேவல். பிளாட்பாரம் இல்லாத ஸ்டேஷன்களில் இவ்வளவு அமைதியானதை நான் பார்த்ததில்லை. ஒரு பாட்டி கடுங்காப்பி கொடுத்தார். "மேல என்னப்பா சோலி?" என்றார். ஓடிப் பழக வந்திருக்கிறேன் என்றேன். "கீழ ரோடு நல்லாத்தான இருக்கு?" என்றார். பதில் யோசித்துக்கொண்டே இரண்டாவது டம்ளரும் குடித்துவிட்டேன். அவருடைய பேத்தி பள்ளிக்கூட ஹாஸ்டலுக்கும், மகன் ரேஷனுக்கும் இதே பாதையில்தான் இறங்கி ஏறுகிறார்களாம்.

மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1892-ல் நெய்ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் போட்டது. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். ஏறுகிற ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் அரை மணி நேரம் கூடுதல். அந்தக் கணக்குப்படி டாப் ஸ்டேஷனுக்கு நாலு மணி நேரம். இது ஓய்வு, தாகம், காட்டுமாடு எதையும் சேர்க்காத கணக்கு. சென்ட்ரல் பாதி வழி. எங்களுக்கு அதற்கே இரண்டே முக்கால் மணி ஆகியிருந்தது.

சென்ட்ரலுக்கு மேலேதான் எனக்கு வேண்டிய பதில் இருந்தது. மரங்கள் பின்தங்கிவிட்டன. இருபுறமும் புல். டிசம்பர் என்பதால் பச்சையும் மஞ்சளுமாக ஈரத்தோடு நின்றது. இரண்டரை மாதம் போனால் இதுவே சருகு. பாதை ஒரு ஆள் அகலம். வலப்பக்கம் சரிவு, இடப்பக்கம் ஏற்றம். குறுக்கே ஒதுங்க இடமே இல்லாத நீளம் எவ்வளவு என்று அடி அடியாக எண்ணிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் ஐந்நூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

தீக்கு ஒரு குணம் உண்டு. மனுஷன் இறக்கத்தில் வேகம்; தீ ஏற்றத்தில் வேகம். கீழே எரிகிற சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் இரண்டு மடங்கு என்பது தீயணைப்பு ஆட்களின் கைக்கணக்கு. பகலில் வெயில் ஏற ஏறக் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கித்தான் வீசும். அதாவது ஏற்றத்தில் அதோடு பந்தயம் வைக்க எந்த அல்ட்ரா வீரனாலும் முடியாது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவேன் என்கிற பெருமையெல்லாம் அந்தப் புல்லுக்குள் செல்லுபடியாகாது.

"அண்ணே, அன்னைக்கு நீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"அதப் பேச வேணாம் சார்" என்றார். துண்டை உதறித் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபிறகு, அவராகவே, "எத்தன பேரு வருவீக?" என்று கேட்டார்.

"அஞ்சு பேரு."

"சேந்து வருவீகளா?"

அங்கேதான் விஷயம் இருந்தது. நடக்கிறவர்கள் சேர்ந்து வருவார்கள். ஓடுகிறவர்கள் சேர்ந்து வர மாட்டார்கள். பி.டி. மாஸ்டர் முதல் வளைவிலேயே கண்ணுக்குத் தெரிய மாட்டார். எல்.ஐ.சி.க்காரர் கடைசி. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மணி நேர இடைவெளி சாதாரணம். வழிகாட்டி ஒருத்தர். அவர் யாரோடு ஓடுவார்? எல்லாருக்கும் பாலிஸி போட்டுக் கொடுத்த ஆளை மலையில் தனியாக விட்டுவிட்டு வர முடியுமா?

டாப் ஸ்டேஷன் வரை போனோம். தேயிலைத் தோட்டம், மேகம், எல்லைப் பக்கத்து ஜீப்கள், மூணாறிலிருந்து காரில் வந்து இறங்கி 'வாவ்' சொல்கிறவர்கள். நான் வேர்வையில் நனைந்து புதரிலிருந்து வெளிப்பட்டதும் ஒரு குழந்தை அழுதது. கீழே பார்த்தால் போடிச் சமவெளி மொத்தமும் தெரிந்தது. அழகுதான். எனக்கு வந்த வழிதான் கண்ணில் நின்றது.

இறங்கும்போது முழங்கால் தன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தது. அண்ணன் அதே ரப்பர் செருப்பில், அதே நடையில்.

* * *

அடுத்த ஞாயிறு பி.டி. மாஸ்டர் வீட்டு மாடியில் அறிக்கை தாக்கல் செய்தேன். "ஓட்டம், முந்தலிலிருந்து குரங்கணி வரைக்கும் மட்டும். ரோடு நல்ல ரோடு, மெதுவான ஏற்றம், விடிஞ்சபிறகு ஓடலாம். குரங்கணிக்கு மேலே நடைதான். அதுவும் சென்ட்ரல் வரைக்கும்தான். அனுமதி வாங்கிட்டு, அஞ்சு பேரும் ஒண்ணா, வழிகாட்டியோட. பத்து மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடணும். ஜனவரியோட சரி. பிப்ரவரியில நானும் வர மாட்டேன், உங்களையும் விட மாட்டேன்." 2025-ல் பிப்ரவரி 15-லிருந்து ஏப்ரல் 15 வரை தீப்பருவம் என்று வனத்துறையே மலையேற்றப் பாதைகளை மூடியதையும் சொன்னேன்.

பி.டி. மாஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "டாப் ஸ்டேஷன் இல்லையா? அப்ப ஏத்தம் பத்தாதே சார்! பந்தயத்துல மூச்சு முட்டுமே!"

"முட்டும். அதுக்குத்தான் ரெண்டு ஞாயிறு போறோம். வார நாள்ல டாக்டர் ஆஸ்பத்திரி மாடிப்படி இருக்கு, நாலு மாடி."

டாக்டர் திடுக்கிட்டார். ஏலக்காய் வியாபாரி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. 2018-ல் அவருடைய ஜீப்பும் குரங்கணிக்குப் போய் வந்த வண்டிகளில் ஒன்று. கடைசியில் அவர்தான், "சார் சொல்றபடியே செஞ்சுருவோம்" என்றார். அதற்குப் பிறகு பி.டி. மாஸ்டர் வாதாடவில்லை. அனுமதி விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து அவருடையதுதான்.

எல்.ஐ.சி.க்காரருக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "ஏன் சார், சென்ட்ரல்ல டிபன் கிடைக்குமா?"

முதல் நாளே சொல்லி அனுப்பினால் பாட்டி இட்லி ஊற்றி வைப்பார். ஐந்து பேருக்கு இருபத்தைந்து என்று சொல்லியிருக்கிறேன். பற்றாது என்கிறார் எல்.ஐ.சி.